மிலானோவில் படிக்கிற பிள்ளை

"சறோஜா அக்கா படியேறி வாறா! கெதியா அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்து!"

விதுரன் அசையவில்லை. "எத்தினை நாளைக்கு அம்மா இப்பிடி ஒளிக்கிறது? நான் களவே எடுத்தனான்?"

"ஊருக்கு நீ மிலானோவிலை இன்ஜினியரிங் படிக்கிறாய். போடா!" என்று மகனைத் தள்ளிவிட்டாள் குகனேஸ்வரி.

பள்ளிக்கூடம் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் பல்கலைக்கழகம் போக, இவன் மட்டும் ஒரு வருடம் நாட்டுக்குச் சேவை செய்யப்போகிறேன் என்று அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்துவிட்டான். இத்தாலியில் அவர்கள் இருக்கிற இதே பலேர்மோ நகரத்தின் கால்சாப் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை. அடுத்த வருடம் படிக்கத்தான் போகிறான். ஆனால் பலேர்மோத் தமிழர் அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பார்களா? 'பெடியன் பெயிலாம்' என்று கதை கட்டிவிடுவார்கள். அந்தப் பயத்தில் குகனேஸ்வரி கோயிலில் வைத்து ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள். இப்போது அதைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிட்டது.

சறோஜா வந்ததும் வராததுமாகத் தொடங்கினாள்.

"என்ர சாம்பவியும் மிலானோவிலைதானே படிக்கிறாள். நேற்று அங்கை உம்மட மகனைக் கண்டவளாம். நல்லா மெலிஞ்சு போனானாம்."

குகனேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று இரவு அவன் இதே மேசையில் இருந்து இடியப்பத்தை வெளுத்து வாங்கினான். ஆனால் அது பொய் என்று சொன்னால் தன் குட்டு அல்லவா உடையும்?

"ஓம் அக்கா, அங்கத்தைச் சாப்பாடு அவனுக்கு ஒத்துவரேல்லை" என்று சமாளித்தாள்.

"இறைச்சி ரோல்ஸ் பொரிச்சனீரே? வீட்டை கொண்டுபோக நாலு கட்டித் தாருமன்."

"நீங்கள் வெள்ளிக்கிழமை விரதமெல்லோ? உங்கட வீட்டுக்காரரும் நாப்போலிக்கு ஓடுற கப்பலிலை வேலைக்குப் போட்டார் எண்டியள்?"

"வருவார், வருவார்" என்று பார்சலை வாங்கிக்கொண்டு சறோஜா புறப்பட்டாள்.

அறைக்குள்ளிருந்து விதுரன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அவவின்ர புளுகைக் கேட்டியே? சாம்பவி உன்னை மிலானோவிலை கண்டவளாம்!" என்றாள் குகனேஸ்வரி.

"கண்டது உண்மை அம்மா, மிலானோதான் பொய். அவளும் என்னோடை கால்சாவிலைதான் பாடம் சொல்லிக் குடுக்கிறாள். ஒருத்தரிட்டையும் சொல்லாதை எண்டு சத்தியம் வாங்கினவள்" என்ற விதுரன், வெறும் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"அந்த நாலு ரோல்ஸையும் இப்ப தங்கட வீட்டு அறைக்குள்ளை ஒளிச்சிருந்து சாப்பிடப் போறதும் அவள்தான்."