கீறல் விழாத தொட்டி

மொட்டை மாடி மூலையில் இரண்டு மீன்தொட்டிகள் காலியாகக் கிடந்தன. ஒன்று அக்ரிலிக் பிளாஸ்டிக், இன்னொன்று கண்ணாடி.

"உடம்பெல்லாம் கீறல்! அதனாலதான் உன்னைத் தூக்கிப் போட்டுட்டு என்னை வாங்கினாங்க," என்றது கண்ணாடி.

"நம்ம வீட்டுப் பாப்பா நிலானி போட்டது. மீன் மங்கலாத் தெரியுதுன்னு பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால தேய்ச்சிட்டா. அப்புறம் மீன்கிட்ட சாரி சொல்லி, இந்தக் கீறல் மேலேயே முத்தம் கொடுத்தா," என்றது அக்ரிலிக்.

கண்ணாடி தன்னைப் பார்த்துக்கொண்டது. அதே மீன் கடைசிவரை அதற்குள்தான் நீந்தியது. மீன் செத்த அன்று நிலானி கண்ணாடிமேல் முகத்தை ஒட்டிக்கொண்டு அழுதாள். மாலையில் அவள் அம்மா ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்தாள். அவ்வளவுதான், கண்ணீர்த் தடமெல்லாம் போய்விட்டது.

கண்ணாடி மெல்லக் கேட்டது:

"அந்தக் கீறலை இன்னொரு தரம் காட்டேன்."