மீசைக்கு அடியில்

“அப்பா, மீசைக்கு அடியில என்ன ஒளிச்சு வச்சிருக்க?”

மகள் அதைக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது. “லட்டு” என்று சொல்லிச் சமாளித்தார். இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள்.

மீசையை அவர் எடுக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் நோயாளிகள் இல்லை. படுக்கையில், பஞ்சுக்கு நடுவே, முதுமக்கள் தாழியிலிருந்து எடுத்த ஒரு மண்டையோடு. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலானது என்றாள் ஆய்வு மாணவி செவ்வந்தி. படத்தை வைத்து முகத்தை உருவாக்கி அருங்காட்சியகத்தில் வைப்பார்களாம்.

பழக்கதோஷம். மைக்கை அழுத்தி, “ஆடாம படுங்கய்யா” என்றார்.

“அவரு ஆடி ரொம்ப நாளாச்சுண்ணே.”

இருவரும் சிரித்தார்கள்.

படம் வந்தது. மேல்தாடையில், இடப்பக்கம், ஓர் இடைவெளி.

“மண்ணு அழுத்தி உடைஞ்சிருக்கு. வலப்பக்கத்தைத் திருப்பி ஒட்டிட்டா, ஆளு லட்சணமா வந்திருவாரு” என்றாள் செவ்வந்தி.

உடைந்த எலும்பின் விளிம்பு முள்ளாக நிற்கும். இது கூழாங்கல்லைப் போல வழவழத்திருந்தது.

அந்த விளிம்பு அவருக்குத் தெரியும். தன் தாடையின் எக்ஸ்ரே படத்திலும் பார்த்திருக்கிறார்.

பேசாமல் இருந்துவிடலாம். அந்த மனிதருக்கு வேறொருவர் முகம் போய்ச் சேரும். அவ்வளவுதான்.

விரலால் மீசையை விலக்கினார். உதட்டிலிருந்து மூக்குவரை ஒரு பழைய தையல்.

“உடையலம்மா. பொறக்கும்போதே பிளவு. எனக்கும் இருந்துச்சு.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்படின்னா பால் உறிஞ்ச முடியாதேண்ணே. இவருக்குக் கடைவாய்ப்பல்லு தேய்ஞ்சே போயிருக்கு. எப்படி இத்தனை வருஷம்...”

“யாராவது சொட்டுச் சொட்டா ஊட்டியிருப்பாங்க.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

“இருந்த முகத்தையே செய்யச் சொல்றேன்,” என்று மண்டையோட்டைப் பெட்டியில் வைத்து மூடினாள் அவள்.

குழந்தையில் அவருக்கு ஊட்டியவள் இதே ஆஸ்பத்திரியின் ஆயா, லூர்தம்மாள். தையல் தாங்கும் எடை வரும்வரை, வேலை முடிந்த பிறகும் இருந்து ஊட்டினாள். பால் புகட்ட, மூக்கு நீண்ட சின்னப் பாலாடை ஒன்று வைத்திருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது அதை அம்மாவின் கையில் திணித்தாளாம்.

“இப்படிப் பொறக்குற அடுத்த புள்ளைக்குக் குடுத்துரு தாயி.”

அம்மா கொடுக்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

முந்தின வெள்ளிக்கிழமை, குழந்தைகள் வார்டில், மூன்றாம் கட்டிலைக் கடந்து வந்திருந்தார். அங்கே ஒரு பெண் தன் குழந்தையின் வாயைத் துண்டால் மூடியபடி உட்கார்ந்திருந்தாள். யாராவது வந்தால் இன்னும் இழுத்து மூடினாள்.

திங்கள் காலை எக்ஸ்ரே வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த வார்டுக்குப் போனார். சட்டைப் பையில், கொதிநீரில் போட்டெடுத்த பாலாடை.

அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

தலைமாட்டில், பிளாஸ்க் பக்கத்தில், அதை வைத்தார். குழந்தையின் முகத்திலிருந்த துண்டைக் கழுத்துவரை இறக்கிவிட்டார்.

வெளியே வந்தபோது வெறும் மேலுதட்டில் சில்லென்று காற்று பட்டது.

பழகச் சில நாள் ஆகும்.