மைக் செத்த மூன்று இடங்கள்

மைக் மறுபடியும் செத்துப்போனது.

மேடையில் பிரபல பாடகர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, வாயை அகலத் திறந்தபடி நின்றார். பல் வைத்தியரிடம் வந்தவர் போல இருந்தது. வாத்தியங்கள் எல்லாம் கேட்டன. அவர் குரலை மட்டும் காணோம்.

மைக்குக்கு உயிர் வந்தபோது பாட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தது.

"இது ரெண்டாவது தடவை!" என்றார் அண்ணன், நாலு வரிசைக்குக் கேட்கும்படி. "எவன்யா அது சவுண்டு?"

கேட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தார். எவன் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

தங்கையின் கணவர்தான் சவுண்டு. இரண்டு வரிசை முன்னால், குட்டி விளக்குகள் மின்னும் நீள மேசை முன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அந்த வேலையை 'பொட்டி தூக்கற வேலை' என்றுதான் அண்ணன் இருபது வருடமாகச் சொல்லிவருகிறார். அது அப்படியில்லை என்று ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும். அதற்காகத்தான் அவள் அண்ணனையும் அண்ணியையும் வற்புறுத்திக் கூட்டிவந்திருந்தாள்.

அண்ணன் வந்த காரணம் வேறு. அந்தப் பாடகர் என்றால் அவருக்கு உயிர். தினமும் முகச்சவரம் செய்யும்போது அவர் பாட்டைத்தான் பாடுவார். உச்ச வரி வரும்போது மட்டும் ரேசரைக் கீழே வைத்துவிடுவார், முன்ஜாக்கிரதையாக.

"எப்பேர்ப்பட்ட குரல்! உன் வீட்டுக்காரர் அதுக்கு மூடி போட்டு மூடிட்டாரு."

"மெதுவா பேசுண்ணா."

"மெதுவாத்தான் பேசறேன். மைக் இல்லாமலே என் குரல் கேக்குது பார்த்தியா?"

"விடுங்க," என்றாள் அண்ணி. "மிஷினுக்கு என்ன தெரியும்?"

"மிஷினுக்குத் தெரியாது. அது முன்னாடி உக்காந்திருக்கறவருக்குத் தெரியணுமில்ல?"

அடுத்த பாட்டின் முதல் இசை கேட்டதுமே அரங்கம் கைதட்டியது. இந்தப் பாட்டின் உச்ச வரிக்காகத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அண்ணன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். பாடகர் மூச்சை இழுத்தார்.

கர்ர்ர்... பிறகு ஒன்றுமில்லை.

அரங்கமே ஊளையிட்டது. நிகழ்ச்சி நிரலை மடித்துச் செய்த காகித அம்பு ஒன்று பறந்து வந்து மேசைமேல் விழுந்தது. அவள் கணவர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேலையைத் தொடர்ந்தார்.

மேடையில் பாடகர் சிரித்தார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். மைக்குக்குத்தான் தொண்டை கட்டிக்கிச்சு. சவுண்டு தம்பி, தூங்கிட்டீங்களா? தலகாணி ஏதாவது அனுப்பட்டுமா?"

ஒரே சிரிப்பு. அண்ணன் எழுந்து நின்று கைதட்டினார். அவள் தன் கைப்பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்தவள், நிகழ்ச்சி முடியும்வரை நிமிரவில்லை.

வெளியே போகிறவர்கள் மேசையைத் தாண்டும்போது ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"நல்ல காது டாக்டரா பாருங்க சார்."

"பேசாம ஊமைப் படம் ஓட்டப் போயிடுங்க."

அண்ணனும் அண்ணியும் பாடகருடன் படம் எடுத்துக்கொள்ள மேடைப் பக்கம் ஓடினார்கள். அவள் நேராகக் கணவரிடம் போனாள்.

"வீட்டுல ஃபேன் சத்தம் கொஞ்சம் மாறினாலே என்ன கோளாறுன்னு சொல்லிடுவீங்க. இன்னைக்கு என்ன வந்துச்சு? எங்க அண்ணன் முன்னாடிதானா இப்படி நடக்கணும்?"

அவர் ஹெட்ஃபோனை எடுத்து அவள் தலையில் மாட்டினார்.

"இது மைக்ல இருந்து நேரா பதிவாகறது. நான் வெளியில விடாதது எல்லாம் இதுல இருக்கும்."

பட்டனை அழுத்தினார்.

முதல் பாட்டின் உச்ச வரி கேட்டது. குரல் மேலே ஏறியது. பாதி ஏணியில் கால் தவறியவர் போலக் கிறீச்சிட்டு விழுந்தது.

இரண்டாவது பாட்டில் குரலே இல்லை. வெறும் காற்று.

மூன்றாவதில் ஒரு இருமல். பிறகு, மைக்கைவிட்டுச் சற்று விலகி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "முடியலையே..."

அவள் மெதுவாக ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"மத்தியானம் ஒத்திகையிலேயே தெரிஞ்சுடுச்சு, எந்த மூணு இடம்னு," என்றார் அவர். "குறிச்சு வச்சுக்கிட்டேன்."

"மைக்கை அணைக்கச் சொல்லி அவரே கேட்டுக்கிட்டாரா?"

"இல்ல."

"அப்புறம் மேடையில வச்சு உங்களை அப்படிக் கிண்டல் பண்றாரு?"

"வேற என்ன பண்ணுவாரு, பாவம்."

அவர் வேறொரு பட்டனை அழுத்தினார். மூன்று பாட்டுப் பதிவுகளும் அழிந்தன.

அண்ணன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"தோள்ல கை போட்டு நின்னாரும்மா! பக்கத்துல நின்னு பேசினேன். அதே குரல்! இத்தனை வருஷத்துல ஒரு கீறல் விழலை. இந்தப் பாழாப்போன மைக் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா..." கணவர் பக்கம் திரும்பினார். "தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. வேற ஏதாவது தொழில் பாருங்க."

"பார்க்கலாம் மச்சான்," என்றார் அவர்.

"நீ என்னம்மா வாயைத் திறக்க மாட்டேங்கற? எப்பவும் வீட்டுக்காரருக்கு வக்கீலா வருவியே. இப்போ சொல்லு, தப்பு யாரு மேல?"

அவள் அண்ணன் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை நினைத்து அவள் இவ்வளவு பெருமைப்பட்டதே இல்லை.

"இவர் மேலதான்ணா," என்றாள். "இவருக்கு வேலையே தெரியல."