அக்கா சிஸ்டம் மறுபடியும் ஹேங்

"மவுசைப் போட்டு ஆட்டாதீங்கக்கா. அது எப்பவோ மூச்சை விட்டுடுச்சு."

ஆபீஸ் தபால்களைக் கவனிக்கும் டெஸ்பாட்ச் அக்கா கையை எடுத்துக்கொண்டாள். திரையில் அம்புக்குறி பாதி வழியில் நின்றிருந்தது. மூலைக் கடிகாரம் 10.52 என்றது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால்.

"இந்த மாசத்துல இது எத்தனையாவது தடவை?" என்றான் சிஸ்டம் தம்பி. அந்த ஆபீசின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியன்.

"எனக்கென்னப்பா தெரியும். நோட்டுல நீதானே எழுதறே."

"கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு. மூணையும் சேர்த்து அமுக்கினா கறுப்புத் திரை வரும். உங்க பேரு, பாஸ்வேர்டு, அப்புறம் ஒரே ஒரு வரி. சின்னப் பசங்ககூட செய்யும்."

"கறுப்பா வந்தாலே எனக்குப் பயம்ப்பா."

பக்கத்து மேஜை கேஷியர் சிரித்தார். "விடு தம்பி. உன் முகத்தைப் பார்க்காம அதுக்குப் பொழுது போகல."

கேஷியருடைய கம்ப்யூட்டரும் போன வாரம் இதேபோல் நின்றது. அப்போது, "பழைய மெஷின் சார், நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றிருந்தான் தம்பி. ஆண்கள் உட்கார்ந்திருந்தால் கோளாறு மெஷினுக்கு. பெண்கள் உட்கார்ந்திருந்தால் கோளாறு பெண்களுக்கு.

அக்கா பாஸ்வேர்டைப் போட்டாள். அவன் ஒரு வரி தட்டினான். திரை மொத்தமும் அணைந்து, புதிதாகத் திறந்தது. அவள் அடித்துக்கொண்டிருந்த கடிதம் மட்டும் திரும்பி வரவில்லை.

"போச்சா?"

"சேவ் பண்ணலைன்னா போகத்தான் செய்யும். மெஷின் பிழைச்சதேன்னு சந்தோஷப்படுங்க."

அக்கா புகார் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள்.

அவன் நேரே மேனேஜர் அறைக்குப் போனான்.

"சார், டெஸ்பாட்ச் அக்காவுக்குப் பழையபடி பேனாவும் பேப்பரும் குடுத்துடுங்க. கம்ப்யூட்டர் அவங்களுக்கு ஒத்துக்கல. என் உயிரை எடுக்கறாங்க."

"முதல்ல இதைப் படி." மேனேஜர் ஒரு சுற்றறிக்கையை நகர்த்தினார். "ஒரு மாசமா என் மேஜையில கிடக்கு. சொன்னா நீயே நாலு வயரைப் பிடுங்கி வச்சிடுவேன்னுதான் சொல்லல."

மாதத்துக்கு இருபது புகார்கூட வராத கிளைகளுக்கு இனிமேல் கம்ப்யூட்டர் பார்க்கத் தனியாக ஆள் கிடையாது என்று ஹெட் ஆபீஸ் எழுதியிருந்தது.

"இன்னைக்குத் தேதி முப்பது. உன் நோட்டுல எத்தனை?"

"பத்தொன்பது சார்."

"அதுல டெஸ்பாட்ச்?"

எண்ணிப் பார்த்தான். "பதினாலு."

"அப்போ அவங்களைத் தூக்கினா கையோட உன்னையும்ல தூக்கணும்? போ, இன்னும் ஒண்ணு தேறுதான்னு பாரு. நாலரைக்கு நோட்டை அனுப்பியாகணும்."

திங்கள் முதல் நேற்று வரை மூன்று நாள் லீவு போட்டு, அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவன் அவன். அந்த மூன்று நாள்தான் இப்போது கழுத்தைப் பிடித்தது. ஒவ்வொரு மேஜையாக நின்று கேட்டான். எல்லா மெஷினும் அன்றைக்கென்று சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன.

"உன் புண்ணியத்துல ஒரு குறையும் இல்லப்பா," என்றார் கேஷியர்.

நாலு மணிக்கு அக்காவின் குரல் வந்தது. "தம்பி, மறுபடியும் நின்னுடுச்சு."

இத்தனை நாள் முணுமுணுத்துக்கொண்டு நடந்து வந்தவன் இன்று ஓடி வந்தான்.

"பரவால்லக்கா, மெஷின்னா அப்படித்தான். பாஸ்வேர்டு போடுங்க."

கறுப்புத் திரையில் மேல் அம்பை அமுக்கினால், முன்பு அடித்த வரிகள் ஒவ்வொன்றாக வரும். காலையில் அவன் அடித்த வரி வந்தது. அவசரத்தில் இன்னும் இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டான். அவன் அடிக்காத வரிகள் வந்தன.

தேதியோடு பட்டியல் கேட்டுப் பார்த்தான். திங்கள் ஒன்று. செவ்வாய் இரண்டு. புதன் ஒன்று. ஒவ்வொரு தடவையும், சிக்கிக்கொண்ட ஒரே ஒரு புரோகிராமை மட்டும் யாரோ அழகாக நிறுத்தியிருந்தார்கள்.

"அக்கா, இதையெல்லாம் யாரு பண்ணினது?"

"என் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான்ப்பா தெரியும்."

அவன் அந்த வரிகளை மறுபடி படித்தான். "இப்படிப் பண்ணினா லெட்டர்கூடப் போயிருக்காதே."

"எப்படிப் போகும்? அடைச்சுக்கறது அந்த அட்ரஸ் பிரிண்ட் பண்ற புரோகிராம். அதை மட்டும் நிறுத்தினாப் போதும். நீதான் ஒரு ஜன்னல் திறக்கலைன்னா வீட்டையே இடிச்சுக் கட்டறே."

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்குக்கா தினமும் என்னைக் கூப்பிட்டு, திட்டும் வாங்கி, லெட்டரையும் திரும்ப அடிச்சீங்க?"

"ஆபீசுக்கு வர்ற கவரையெல்லாம் பிரிக்கறது நான்தானே? அந்தச் சுற்றறிக்கையையும் பிரிச்சேன்."

"சரி, நான் இல்லாத மூணு நாளும் ஹெட் ஆபீசுக்காவது போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணினா அங்கே உட்கார்ந்துக்கிட்டே ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடுவாங்க. அப்புறம் இங்கே உனக்கு எதுக்குச் சம்பளம்னு அவங்களுக்குத் தோணாதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு புகாரை எழுதினான். நோட்டை இரண்டு கையாலும் அவள் பக்கம் நீட்டினான்.

அக்கா கையெழுத்துப் போட்டபடியே அலுத்துக்கொண்டாள்:

"இன்னைக்குத்தான்ப்பா ரொம்பப் படுத்திடுச்சு. காலையில ஒரு தடவை நின்னதோட சரி, அப்புறம் என்ன பண்ணியும் நிக்கவே மாட்டேன்னுது. முப்பது லெட்டரை ஒண்ணாத் திறந்துதான் ஒருவழியா ஹேங் பண்ணினேன்."