பிறந்தநாள் வரிசையில் அருளம்மாள்

ஆவூரில் உள்ளூர் கேபிள் சேனல் நடத்தும் லியோன், காலையில் பெரியவர்களுக்கு நினைவஞ்சலிப் படங்களும், மதியம் பெண்களுக்குச் சமையலும், மாலையில் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் போடுவான். அத்தனையையும் தனியாளாக உட்கார்ந்து பார்ப்பவர் பங்கிராஸ். மனைவி அருளம்மாள் இறந்த பிறகு, வீட்டில் ஏதாவது பேச்சுக்குரல் இருக்கட்டும் என்று அவர் டிவியை அணைப்பதே இல்லை.

அருளம்மாளின் முதல் நினைவுநாளன்று லியோன் படத்தை மாற்றிப் போட்டுவிட்டான். மாலையில் பிள்ளைகளுக்கு நடுவே, பலூன்களோடு அவள் வந்தாள். லியோன் பதறிப்போய் பங்கிராஸ் வீட்டுக்கு ஓடினான்.

“தப்பு நடந்துபோச்சு மாமா. ஏசுறதுன்னா ஏசிருங்க.”

“எதுக்குடா ஏசணும்? ‘செல்லக்குட்டிக்கு வாழ்த்து’ன்னு போட்டிருந்தியே, நான் ஒரு நாளும் அவள அப்படிக் கூப்பிட்டதில்ல. இந்தா, பாயாசம் குடி.”

டம்ளர் கையைச் சுட்டது.

“நீங்களா வச்சீங்க?”

“எனக்கு வெந்நி வைக்கவே தெரியாதேப்பா.”

லியோன் சிலுவை போட்டுக்கொண்டு குடித்தான். இனிப்பு அளவாக இருந்தது. டிவி சத்தத்தையும் மீறி, அடுப்படியில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

பங்கிராஸ் எழுந்து போய் டிவியை அணைத்தார்.