வெள்ளை ஷூ

சோபாவை ஓரம் தள்ளியாயிற்று. அவர் கூடத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இப்ப நான் உங்கப்பா இல்லை. நான் நேத்ரா. ஆறாங்கிளாஸ், பி செக்‌ஷன்."

லுங்கி. இரண்டு நாள் தாடி. கொஞ்சம் தொப்பை.

எதிரே நின்ற மகள் சிரிக்கவில்லை.

கூட்டுறவு வங்கியில் அவர் பயிற்சி அதிகாரி. ஐந்து மாவட்டத்துக் குமாஸ்தாக்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டியவர். ஊட்டியதற்குச் சாட்சியாக அலமாரி நிறைய நினைவுப் பரிசுகள். எல்லாவற்றிலும் அவர் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. பெயருக்கு முன்னால் போட்ட பட்டம் கொட்டை எழுத்தில்.

வியாழக்கிழமை, மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் சாக்பீஸ் துண்டுகள் கிடந்ததை மனைவி வாசுகிதான் பார்த்தாள். பாவாடை மடிப்பிலும் வெள்ளைத் தூள். குடைந்து குடைந்து கேட்டதில் இலக்கியா ஒரு பெயர் மட்டும் சொன்னாள். நேத்ரா. அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

ஸ்கூலுக்குப் போய்ப் பேசிவிட்டு வரலாம் என்றாள் வாசுகி.

தீர்வை வெளியே தேடாதே என்றார் அவர். அது அவருடைய மூன்றாவது வகுப்பில் வரும் வாசகம். சொன்னதும் வழக்கமாகக் கைதட்டுவார்கள்.

வாசுகி அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகளுக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார்.

'உன்னுடைய நடத்தை என் மனத்தைப் புண்படுத்துகிறது. இதை நீ உடனடியாக நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.'

அவள் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தாள். பிரேயரில் திருக்குறள் சொல்வதுபோல, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தப்பில்லாமல் ஒப்பித்தாள்.

"பிரமாதம். பேசறப்ப எதிராளியோட ரெண்டு புருவத்துக்கும் நடுவுல பாக்கணும். எங்க, பாரு."

பார்த்தாள்.

"இப்ப நேத்ரா வர்றா. வந்து என்ன சொல்லுவா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாப்பா."

"ஏதாவது சொல்லுவாள்ல? பட்டப்பேரு, கிண்டல், கேலி?"

"இல்லப்பா. காலை நீட்டுவா."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. எந்தச் சொல்லுக்கும் அவரிடம் பதில் சொல் உண்டு.

"சரி." வலது காலை நீட்டினார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

யோசித்து உட்காரவில்லை. முழங்கால் தானாக மடிந்தது. இடது கையால் அவர் குதிகாலைப் பிடித்தாள். வலது கையின் மூன்று விரல்கள், இல்லாத சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, அவர் கால் கட்டை விரலின் முனையிலிருந்து தேய்க்கத் தொடங்கின. முன்புறம். ஓரம். பின் தையல். ஓர் இடத்தில் நின்று, குனிந்து, தூளை ஊதினாள்.

மூச்சு அவர் பாதத்தில் பட்டது.

"என்ன பண்றேம்மா?"

"புதன்கிழமை வெள்ளை ஷூப்பா. பிரேயருக்கு முன்னாடி பி.டி. மிஸ் செக் பண்ணுவாங்க. அழுக்கா இருந்தா சாக்பீஸ் தேய்ச்சா தெரியாது."

"உன் ஷூ?"

"எனக்கு டைம் இருக்காது. வெளிய நிக்க வைப்பாங்க."

இன்று என்ன கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"அந்தக் கால்?" என்றாள்.

இடது காலைக் காட்டினார்.

காட்டிவிட்ட பிறகுதான் தெரிந்தது, காட்டிவிட்டோம் என்று.

"அவ என்னைப் பாக்க மாட்டாப்பா. ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு மத்தவங்களோட பேசிக்கிட்டிருப்பா. நீங்க குனிஞ்சு பாக்கறீங்க."

தொண்டையைச் செருமினார். இரண்டாம் முறையும் செருமினார். பயிற்சி கைவிட்டுப் போகிற நேரத்துக்கென்று கையேட்டில் ஓர் உத்தி இருந்தது. ஆளை மாற்றிப் போடுவது. குமாஸ்தா மேலாளர் ஆவார், மேலாளர் குமாஸ்தா. நாமக்கல்லில் அரங்கமே எழுந்து நின்ற உத்தி.

"எழுந்திரு. இப்ப நீ நேத்ரா. நான்தான் இலக்கியா."

லுங்கியை ஒதுக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். முட்டி சொடக்கென்றது. அவள் காலுக்கு நேரே கையை ஏந்தினார்.

"ம். நீட்டு."

அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீட்டும்மா. சும்மா ஒரு விளையாட்டு."

"மாட்டேன்."

"அப்பத்தான் உனக்கு அவ மனசு புரியும். நீட்டு."

"மாட்டேன்ப்பா."

"சொன்னா கேக்கணும், இலக்கியா." மைக் இல்லாத குறை தெரியாத குரல் அது. "காலை நீட்டு!"

"மாட்டேன்னா மாட்டேன்!"

அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

இது ஒப்பிக்கிற குரல் இல்லை. எங்கேயோ அடியிலிருந்து, கரகரத்துக்கொண்டு வந்தது. அவள் புருவ நடுவைப் பார்க்கவில்லை. நேரே அவர் கண்ணைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் நகரவில்லை.

ஐந்து மாவட்டத்தில் ஒருவரும் அவரிடம் அப்படிப் பேசியது கிடையாது.

அவருக்குக் காது சுட்டது. 'யார்கிட்டடி பேசறே' என்பது நாக்கு நுனிவரை வந்து உட்கார்ந்தது.

வாசுகி ஈரக் கையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். மண்டியிட்டிருக்கும் கணவரைப் பார்த்தாள். நிற்கும் மகளைப் பார்த்தாள்.

அவர் ஏந்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தொடைமேல் வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார். அந்தக் குரலை வாசுகிகூட அதுவரை கேட்டதில்லை.

மகள் சொல்லவில்லை.

காலையும் நீட்டவில்லை.