பச்சை இலைச் சட்டை

அளவு சுருக்க வந்த புதுச் சட்டை தையல் மெஷினில் கிடக்கிறது. கழுத்தில் பச்சை இலை அச்சிட்ட சீட்டு ஆடுகிறது. "சுத்தப் பருத்தி அண்ணி. மண்ணுல போட்டா மக்கிடுமாம். நமக்கும் கட்டுப்படியாகுற விலை, அதான் ரெண்டா எடுத்துட்டேன்" என்று தையல்காரியின் நாத்தனார் சட்டையை நீவிவிடுகிறாள். தையல்காரி உள்மடிப்பில் விரலகலத் துணியை நறுக்கித் தீக்குச்சியில் காட்டுகிறாள். பருத்தி என்றால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கறுப்பாக அவள் விரலில் சொட்டுகிறது. உதறுகிறாள், தோலோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.

"இன்னொண்ணு எங்கே?"

"அண்ணன் காலையிலயே போட்டுட்டுப் போயிட்டாரே."

தெருவுக்கு அந்தப் பக்கம் தையல்காரியின் கணவனுடைய வெல்டிங் பட்டறை. ஜன்னல் கண்ணாடியில் நீல வெளிச்சம் விட்டுவிட்டு வெட்ட ஆரம்பிக்கிறது.